மைனஸ் 196 டிகிரியில் நிற்கும் சீல் எது? கோவைப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவை புறநகரில் கியர்பாக்ஸ் கூடுகளும் பெரிய பம்ப் பாகங்களும் செய்யும் நடுத்தரப் பட்டறை அது. கூட்டின் துளைக்குள் வெண்கல புஷ் (உருளை வடிவ உள்வளையம்) இறுக்கமாக உட்கார வேண்டும். பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் துளையின் உட்புறம் சிராய்ந்துவிடும். அதனால் புஷ்ஷைத் திரவ நைட்ரஜனில் முக்கிச் சுருக்கி, கனத்த கையுறை போட்ட கையாலேயே உள்ளே இறக்குகிறார்கள். 100 மி.மீ. விட்டமுள்ள வெண்கல புஷ், அறை வெப்பநிலையிலிருந்து மைனஸ் 196 டிகிரி செல்சியஸுக்குப் போகும்போது சுமார் 0.3 மி.மீ. சுருங்குகிறது. துளைக்குள் சறுக்கிக்கொண்டு இறங்க அது போதும். பிறகு தானாகச் சூடேறி இறுகிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் தேவார் எனும் ஃபிளாஸ்க் வகைக் குடுவையில் நைட்ரஜன் வாங்கிவந்து தொட்டியில் ஊற்றினார்கள். ஆர்டர் கூடியதும் வெளியே வெற்றிடச் சுவர் கொண்ட டாங்க் ஒன்றை நிறுவினார்கள். டாங்கிலிருந்து 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஓர் அங்குலக் குழாய் ஷெட்டுக்குள் வருகிறது. அதில் இரண்டு இடங்களில் ஃபிளாஞ்ச் ஜோடி (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு விளிம்புகள்), இடையில் ஒரு கை வால்வு. குழாயின் முடிவில் வெற்றிட உறை போட்ட ஹோஸ். ஹோஸின் ஒரு முனை குழாயோடு, ஒன்றுக்குள் ஒன்று செருகும் பயோனெட் இணைப்பால் சேர்கிறது. மறுமுனை, உள்ளூரில் கடைந்து வாங்கிய அடாப்டர் வழியாக நைட்ரஜன் தொட்டியின் மூடியில் பொருந்துகிறது. தொட்டியைச் சுத்தம் செய்ய வாரம் ஒருமுறையாவது இந்த அடாப்டரைக் கழற்றி மாட்டுவார்கள்.

டாங்க் நிரப்பும் இடைவெளி குறைந்துகொண்டே வந்ததைக் கணக்குப் பிரிவு முதலில் கவனித்தது. வேலை கூடாமல் செலவு மட்டும் கூடியது. அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒரு மழைநாளில் வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்த ஆக்சிஜன் மீட்டர் அலற ஆரம்பித்தது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒலிக்கும்படி அதை வைத்திருந்தார்கள். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகிறது. நிறமோ வாசனையோ கிடையாது; மூச்சுத் திணறல் என்ற உணர்வைக்கூடத் தராமல் ஆளைச் சாய்த்துவிடும். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நிர்வாகம் அந்த லைனை நிறுத்திவிட்டு வெளியாட்களைக் கூப்பிட்டது. அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன்.

நாங்கள் போவதற்கு முன் நடந்தவை

கசிவை நிறுத்தப் பராமரிப்புப் பிரிவு ஏற்கெனவே நிறைய முயன்றிருந்தது. பெரும்பாலான பட்டறைகளில் இதே வரிசையில்தான் நடக்கும் என்பதால் அதைப் பதிவு செய்கிறேன்.

தொட்டி மூடியின் அடாப்டரில் முதலில் சீலாக, அதாவது கசிவை அடைக்கும் வளையமாக, இருந்தது சாதாரணக் கருப்பு நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங். அது கசிந்ததும் 'இன்னும் நல்ல மெட்டீரியல்' வேண்டும் என்று வைட்டான் என்ற ஃபுளோரோ ரப்பருக்கு மாறினார்கள். வைட்டான் விலை அதிகம். 200 டிகிரி சூட்டைத் தாங்கும். எண்ணெய்க்கும் பெரும்பாலான கெமிக்கல்களுக்கும் அசையாது. 'ராக்கெட்டுக்கே அதுதானே போடறாங்க' என்று கொள்முதல் பிரிவில் ஒருவர் சொன்னாராம். சொன்னதில் பொய்யில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தின் பூஸ்டர் ராக்கெட் மூட்டில் இருந்ததும் அதே வகை ஃபுளோரோ ரப்பர் வளையம்தான். ஏவிய நேரத்தில் ஏவுதளத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரிலேயே ரப்பர் மந்தமாகி, மூட்டு விரிந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து எழும்பவில்லை. பொதுவான வைட்டான் வகைகளின் கீழ் எல்லை மைனஸ் 15 முதல் 20 டிகிரி வரைதான். நைட்ரைலோ மைனஸ் 30 வரை தாக்குப்பிடிக்கும். ஆக, அதிக விலை கொடுத்துக் குளிருக்கு இன்னும் மோசமான ரப்பரை வாங்கியிருந்தார்கள்.

அடுத்து சிலிகோன் ரிங். மைனஸ் 60 வரை போகும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. அது கொஞ்சம் தாமதமாகக் கசிய ஆரம்பித்தது, அவ்வளவுதான். ஃபிளாஞ்சுகளுக்கு இடையில் 3 மி.மீ. டெஃப்லான் ஷீட்டைக் கேஸ்கெட்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள். கசியும்போதெல்லாம் ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்கினார்கள். வால்வின் கிளாண்டில் (ஸ்பிண்டில் எனும் திருகுத் தண்டு வெளியே வரும் இடம்), தண்ணீர் லைனுக்காக வாங்கி வைத்திருந்த கிரீஸ் தோய்ந்த பேக்கிங் கயிற்றைச் சுற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து லைன் சூடான பிறகு காற்றழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தார்கள். ஒரு குமிழ்கூட வரவில்லை. பதிவேட்டில் 'சரி' என்று எழுதியிருந்தது.

நேரில் பார்த்தவை

லைனைச் சூடான நிலையிலிருந்து குளிரவைத்து முழுவதும் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். எல்லா ஷட்டரையும் தூக்கிவைத்து, கையில் ஆக்சிஜன் மீட்டரோடு நின்று பார்த்தோம். குளிர்ந்த மூட்டில் சோப்புத் தண்ணீர் உறைந்துபோகும். ஆகவே ஒவ்வொரு மூட்டின் மேலும் பாலிதீன் பையைத் தளர்வாகப் போட்டு, இருபுறமும் இன்சுலேஷன்மேல் டேப் சுற்றினோம். குளிரும்போது பைக்குள்ளிருக்கும் காற்று சுருங்கிப் பை ஒட்டிப்போக வேண்டும். மாறாக உப்பினால் அங்கே கசிவு இருக்கிறது.

ஃபிளாஞ்சில் கட்டிய பை, வால்வைத் திறந்த சில நிமிடங்களிலேயே உப்பியது. காதை அருகில் கொண்டுபோனால் சீறல் கேட்டது. ஃபிளாஞ்ச் முழுவதும் வெண்பனி படர்ந்து போல்ட் தலைகளும் வெளுத்த பிறகு, சீறல் பாதியாகக் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. எப்போது கசிகிறது, எப்போது குறைகிறது என்பதே பாதி விடை. சோப்புத் தண்ணீர்ச் சோதனையால் இதைக் காட்டவே முடியாது, ஏனென்றால் சூடான நிலையில் இந்த மூட்டில் கோளாறே இல்லை.

போல்ட்களைத் துடைத்துப் பார்த்ததில், ஒரு ஃபிளாஞ்சின் நான்கு போல்ட்களில் இரண்டு, துத்தநாகம் பூசிய சாதாரண ஸ்டீல் போல்ட்கள். எப்போதோ ஒன்று தொலைந்து, கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள்.

வால்வு, குளிர் வேலைக்கென்றே செய்த நல்ல வால்வு. நீண்ட கழுத்தோடு இருந்தது. ஆனால் சுவர் இடித்ததால், கழுத்து மேல்நோக்கி நிற்காமல் பக்கவாட்டில் படுத்திருக்கும்படி பொருத்தியிருந்தார்கள். கழுத்து முழுவதும் பனி ஏறி, கிளாண்ட் நட், கைப்பிடிச் சக்கரம் வரை வெளுத்திருந்தது. சக்கரத்தைத் திருப்பியபோது ஸ்பிண்டிலில் ஒட்டியிருந்த பனிக்கட்டி நறநறவென்று பேக்கிங்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது.

தொட்டி மூடியின் அடாப்டரில் பை நிற்காமல் உப்பிக்கொண்டே இருந்தது. லைனை நிறுத்திச் சூடான பிறகு ரிங்கை எடுத்தால், புத்தம் புதிதாக இருந்தது. வளைந்தது, இழுபட்டது, வெட்டோ வெடிப்போ இல்லை. இதனால்தான் ரிங்கின்மேல் யாருக்கும் சந்தேகம் வராமல், ரிங் உட்காரும் காடியின் அளவு தப்பு என்று அடாப்டரையே மறுபடி கடைந்திருக்கிறார்கள். அதே ரிங்கை இடுக்கியில் பிடித்து நைட்ரஜனில் முக்கி எடுத்துத் தரையில் போட்டதும் கண்ணாடி வளையல்போலத் தெறித்து நொறுங்கியது. சுற்றி நின்றவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ரப்பர் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே ரப்பராக இருப்பதில்லை. விறைத்த கண்ணாடித் தன்மைக்குப் போய்விடுகிறது. சூடானதும் பழையபடி ரப்பராகிவிடுவதால் தடயம் மிஞ்சுவதில்லை.

காடிக்குள் விரலை ஓட்டியபோது நகத்தில் தட்டுப்பட்டவை, குறுக்காக ஓடும் கீறல்கள். பழைய ரிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்ததில் விழுந்தவை. வட்டமாகச் சுற்றி ஓடும் கடைசல் கோடு அவ்வளவாகக் கெடுக்காது. உள்ளிருந்து வெளியே குறுக்காக ஓடும் கீறல் ஒன்று போதும், வாயுவுக்கு அது நேர்வழி.

அடாப்டரின் அடியில் திரவம் சொட்டிக்கொண்டும் இருந்தது. அதை நைட்ரஜன் கசிவு என்று நினைத்துப் பழைய துணியைச் சுற்றியிருந்தார்கள். அது உள்ளிருந்து வந்ததல்ல. மைனஸ் 191 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த வெற்று உலோகத்தின்மேல் சுற்றியுள்ள காற்றே திரவமாகிச் சொட்டும். அந்தச் சொட்டில் சாதாரணக் காற்றில் இருப்பதைவிட ஆக்சிஜன் அதிகம். எண்ணெய்த் துணியில் அது ஊறுவது தீயை அழைத்து வைத்துக்கொள்வதற்குச் சமம். துணியை அப்போதே அகற்றச் சொன்னோம்.

இத்தனைக்கும் நடுவில் பயோனெட் இணைப்பு மட்டும் பனியே இல்லாமல் காய்ந்திருந்தது. வெறுங்கையை வைக்கலாம். அங்கே கட்டிய பை அசையவேயில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் ஃபிட்டர் கேட்டார்: "சார், அதுக்குள்ளயும் இதே கருப்பு ரிங்குதானுங்களே இருக்குது? போட்டதுல இருந்து மாத்தவே இல்லைங்க. அது மட்டும் எப்படிங்க நிக்குது?"

அன்றுவரை 'எந்த மெட்டீரியல்' என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்த அறையில், அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு மாறியது.

ஏன் கசிந்தது: கணக்கு

பயோனெட் இணைப்பில் ஒரு நீண்ட மெல்லிய குழல் இன்னொன்றுக்குள் நெருக்கமாகச் செருகப்படுகிறது. திரவம் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் ஏற முயன்றால் வழியிலேயே ஆவியாகி, அந்த வாயுவே திரவத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மெல்லிய ஸ்டெயின்லெஸ் சுவர் வழியாகச் சூடு கடப்பதும் மிகக் குறைவு. ஓ-ரிங் உட்கார்ந்திருப்பது குழலின் வெளி முனையில், அறை வெப்பநிலையில். உள்ளே மைனஸ் 196 ஓடினாலும் அந்த ரிங்குக்குத் தெரிவது கோவையின் வெயில்தான். அங்கே நைட்ரைல் போதுமானது, மலிவானதும்கூட.

வால்வின் நீண்ட கழுத்துக்கும் அதே வேலைதான். கழுத்து மேல்நோக்கி நின்றால் உள்ளே வாயு தேங்கி நின்று திரவத்தைக் கீழேயே வைத்திருக்கும். மேலேயிருக்கும் கிளாண்ட் பேக்கிங் குளிராது. செங்குத்திலிருந்து 45 டிகிரிக்குமேல் சாய்க்கக் கூடாது என்று இத்தகைய வால்வுகளின் கையேடுகள் சொல்வது இதனால்தான். படுக்கவைத்தால் திரவம் கழுத்து வழியாக ஓடிப்போய்க் கிளாண்டையே தொடுகிறது. கழுத்துக்குக் கொடுத்த பணம் வீண்.

ஃபிளாஞ்சின் கதை வேறு. அங்கே சீலை வெப்பமான இடத்துக்கு நகர்த்த வழியில்லை. குளிரிலேயே அது நிற்க வேண்டும். டெஃப்லான் மைனஸ் 196-லும் நொறுங்குவதில்லை. அந்த வகையில் நல்ல பொருள். சுருங்குவதுதான் சிக்கல். அறை வெப்பநிலையிலிருந்து அந்தக் குளிருக்குப் போகும்போது 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 0.28 சதவீதம் சுருங்குகிறது. டெஃப்லான் ஏறத்தாழ 1.9 சதவீதம். 3 மி.மீ. கேஸ்கெட்டில், சுற்றியுள்ள ஸ்டீலைவிட அதிகமாகச் சுருங்கும் அளவு 0.05 மி.மீ. இது அற்பமாகத் தெரியும். போல்ட்டின் பக்கம் கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும்.

அரை அங்குல போல்ட், இரண்டு ஃபிளாஞ்சையும் கேஸ்கெட்டையும் சேர்த்துப் பிடிக்கும் நீளம் சுமார் 32 மி.மீ. அதை 150 மெகாபாஸ்கல் இழுவிசைக்கு முறுக்கினால் போல்ட் நீள்வது 0.025 மி.மீ. மட்டுமே. மூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நீட்சிதான். கேஸ்கெட் 0.05 மி.மீ. விலகிப்போனால், போல்ட் தன் நீட்சி முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் பாதி தூரத்தைத்தான் எட்டும். நசுங்கிய கேஸ்கெட் கொஞ்சம் எழும்பி உதவும். ஆனால் டெஃப்லான் அறை வெப்பநிலையிலேயே அழுத்தத்தில் மெல்ல வழிந்து மெலியும் பொருள், எழும்ப அதனிடம் அதிகம் மிச்சமில்லை. இன்னும் இறுக்கினால் இன்னும் வழிகிறது. ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்கியது கேஸ்கெட்டைக் கெடுத்ததே தவிர மூட்டைக் காக்கவில்லை.

அந்த இரண்டு சாதாரண ஸ்டீல் போல்ட்கள் தனிக் கணக்கு. அந்த ஸ்டீல் சுமார் 0.19 சதவீதம்தான் சுருங்கும். ஃபிளாஞ்ச் 0.28 சதவீதம் சுருங்கி உள்வாங்க, போல்ட் நீளமாக நின்றுவிடுகிறது. 32 மி.மீ.யில் அந்த வித்தியாசமே 0.029 மி.மீ. கேஸ்கெட் துளியும் சுருங்காவிட்டாலும் அந்த போல்ட் தளர்ந்துவிடும். போதாதற்கு, அந்த வகை ஸ்டீல் இந்தக் குளிரில் முறியும் தன்மைக்குப் போய்விடும்.

முதல் சில நிமிடச் சீறலுக்கும் காரணம் இங்கேதான். திரவம் முதலில் தொடுவது ஃபிளாஞ்சின் உட்புறத்தை. போல்ட் வெளியே சூடாகவே இருக்கிறது. ஃபிளாஞ்ச் முழுக்கக் குளிர்ந்து போல்ட் சூடாக இருக்கும் எல்லை நிலையில் வித்தியாசம் 0.09 மி.மீ.; 0.025-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது, போல்ட்டும் தொடர்ந்து குளிர்ந்துகொண்டேயிருக்கும். ஆனால் வால்வைச் சட்டென்று முழுசாகத் திறந்தால் அந்த எல்லையை நோக்கித்தான் தள்ளுகிறோம்.

எடுத்த முடிவுகள்

எல்லா மூட்டுக்கும் ஒரே பொருள் என்ற எண்ணத்தை முதலில் விட்டோம். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு விஷயங்களை எழுதினோம்: சீல் உட்காரும் இடத்தின் வெப்பநிலை என்ன, பொருள் சுருங்கும்போது அதைப் பின்தொடர்ந்து அழுத்தப்போவது எது.

ஃபிளாஞ்ச் ஜோடிகளில் ஒன்று எதற்கு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குழாய் வெட்டிய நீளம் போதாமல் அன்று இணைத்திருக்கிறார்கள். அதை அறுத்தெடுத்து வெல்டு செய்யச் சொன்னோம். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் திருப்தியான முடிவு அதுதான். அங்கே சீலே தேவையில்லை.

மற்ற ஃபிளாஞ்ச் ஜோடி டாங்கைப் பிரிக்கும் இடம், தவிர்க்க முடியாது. அதற்கு ஸ்டெயின்லெஸ் பட்டையும் கிராஃபைட்டும் சுருளாகச் சுற்றிய கேஸ்கெட்டைத் தேர்ந்தோம். அது சுருங்குவது மிகக் குறைவு. சுருள் பட்டைக்கே கொஞ்சம் ஸ்பிரிங் தன்மை உண்டு. நான்கு போல்ட்களும் 304 வகையில், சூடாக்காமலே இழுத்து வலுவாக்கிய தரத்தில். ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் கிண்ணம்போல் வளைந்த டிஸ்க் ஸ்பிரிங் வாஷர்களை அடுக்கினோம். 0.025 மி.மீ. நீட்சியை நம்பியிருந்த மூட்டுக்கு, இப்போது அரை மி.மீ. அளவில் பின்தொடரும் இடம் கிடைத்தது. இனி நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் எது சுருங்கினாலும் அழுத்தம் பெரிதாக இறங்காது. டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிராக, சில சுற்றுகளில் முறுக்கச் சொன்னோம். குளிர்ந்த நிலையில் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று பலகை மாட்டினார்கள்.

வால்வை நிமிர்த்துவதற்குச் சுவரை இடிக்க வேண்டியதில்லை, குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் போதும் என்று தெரிந்தது. கிரீஸ் கயிறு முழுவதையும் எடுத்துவிட்டு டெஃப்லான் பேக்கிங் வளையங்கள் போட்டோம். கிளாண்ட் இனி அறை வெப்பநிலையில் இருக்கும் என்பதால் அதற்குமேல் ஆடம்பரம் எதுவும் செய்யவில்லை.

அதிகம் யோசித்தது தொட்டி மூடி அடாப்டருக்குத்தான். ஃபீனைல் சிலிகோன் ரப்பர் ஒன்றைச் சப்ளையர் பரிந்துரைத்தார். அது மைனஸ் 100 வரை போகும். நமக்கு வேண்டியதில் இன்னும் 96 டிகிரி பாக்கி. மைனஸ் 196-ல் ரப்பராகவே நீடிக்கும் ரப்பர் கிடையாது, இருந்தால் இந்த ஆய்வே தேவையில்லை. ஆய்வகங்களில் திரவ ஹீலியத்தின் மைனஸ் 269 டிகிரியிலும் இண்டியம் கம்பியை நசுக்கி அருமையாக சீல் செய்கிறார்கள். அந்த உலோகம் அவ்வளவு குளிரிலும் மென்மையாகவே இருக்கும். ஆனால் ஒருமுறை நசுக்கியதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. வாரந்தோறும் கழற்றும் இடத்தில் ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டிப் புதியதை வைப்பது பட்டறைக்கு ஒத்துவராது. குறுக்குவெட்டில் ஆங்கில C வடிவில் இருக்கும் உலோக சி-ரிங்குக்கு வேண்டிய இறுக்கமும் மேற்பரப்பு நேர்த்தியும் அந்த மூடியில் இல்லை.

இரண்டு வழிகள் மிஞ்சின. இங்கேயும் ஒரு பயோனெட் வைப்பது முதலாவது. அதற்கு ஹோஸ் முனையையே மாற்றிச் செய்து வாங்க வேண்டும். வந்து சேரப் பல மாதம் ஆகும். இரண்டாவது, ஸ்பிரிங் வைத்த டெஃப்லான் சீல். 'ப' வடிவ டெஃப்லான் வளையத்தின் வாய்க்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் ஒன்று உட்கார்ந்து இரு உதடுகளையும் விரித்துப் பிடித்திருக்கும். டெஃப்லான் சுருங்கினாலும் ஸ்பிரிங் விடாது. வாய்ப்புறம் அழுத்தம் வரும் திசையை, அதாவது உட்புறத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தோம். காடியை மறுபடி கடைந்து, கீறல் போகத் தேய்த்து, வட்டப் போக்கிலேயே மெருகேற்றச் செய்தோம். சீலை எடுக்கப் பிளாஸ்டிக் நெம்பி ஒன்றைக் கயிற்றில் கட்டி மூடியிலேயே தொங்கவிட்டார்கள். அடாப்டரின் வெளிப்புறம் முழுவதும் காற்று புகாத இன்சுலேஷன்.

கூடவே குளிரவைக்கும் முறையும் மாறியது. வால்வைச் சிறிதளவு மட்டும் திறந்து, முதலில் குளிர்ந்த வாயு மட்டும் போகவிட்டு, போல்ட் தலைகள் வெளுக்கும்வரை காத்திருந்து, பிறகே திரவம். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன 0.09 மி.மீ. கணக்கைச் சுவரில் எழுதிக் காட்டியபின் மறுப்பு அடங்கியது.

மாற்றிய பின்

வெல்டு செய்த இடத்தில் சொல்ல எதுவுமில்லை. ஃபிளாஞ்சில் பை உப்பவில்லை; முதல் சில நிமிடங்களிலும் சீறல் இல்லை. வால்வுக் கழுத்தில் பனி பாதி உயரத்தோடு நின்றது. கைப்பிடிச் சக்கரம் காய்ந்தே இருந்தது, கையுறை இல்லாமல் திருப்பலாம். டாங்க் நிரப்பும் இடைவெளி பழைய நிலைக்குத் திரும்பியதைக் கணக்குப் பிரிவே உறுதி செய்தது. ஆக்சிஜன் மீட்டர் பிறகு ஒலிக்கவில்லை. இருந்தாலும் அதை அகற்றவில்லை. இன்னொன்றையும் தாழ்வான இடத்தில் சேர்த்து மாட்டினார்கள். குளிர்ந்த நைட்ரஜன் காற்றைவிடக் கனமாகத் தரையோடு படர்வதே காரணம்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. புது சீல்களோடு லைன் ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளில், மதிய இடைவேளையின்போது குழாய் மேலிருந்த ரிலீஃப் வால்வு பெரும் சத்தத்தோடு திறந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். அந்த வால்வு அதுவரை திறந்ததேயில்லை. டாங்கின் வால்வு, குழாயின் கை வால்வு இரண்டையும் மூடினால் இடையில் சிக்கிய திரவம் சூடேறி அழுத்தம் ஏறும். முன்பெல்லாம் கசியும் கிளாண்டும் ஃபிளாஞ்சும் அந்த அழுத்தத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. இப்போது லைன் நிஜமாகவே அடைபட்டிருக்கிறது. ரிலீஃப் வால்வு தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஆனால் அதன் வாய் ஆள் நடக்கும் பாதையைப் பார்த்திருந்தது. அதைக் குழாய் போட்டு ஷெட்டுக்கு வெளியே திருப்பினார்கள். பழைய லைன் ஒன்றில் கசிவை அடைக்கப் போகிறவர்கள் ரிலீஃப் வால்வை முதலில் கழற்றிச் சோதிப்பது நல்லது. கசிவு அதுவரை என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது அடைத்த பிறகுதான் தெரியவரும்.

அடாப்டர் முழு வெற்றி இல்லை. வெயில் காலம் முழுக்க நன்றாக நின்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் லேசாகக் கசிய ஆரம்பித்தது. சீலைச் சூடாக எடுத்துப் பார்த்தால் குறையில்லை. பழைய ஓ-ரிங் கதைதானோ என்று சந்தேகம் வந்தது. ஃபோர்மேன், மூடியைக் குளிர்ந்த நிலையிலேயே பாதுகாப்பாகத் திறக்க ஏற்பாடு செய்து பார்த்தார். 'ப' வாய்க்குள், ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே, பொடிப் பனி அடைந்திருந்தது. வாரச் சுத்தத்தின்போது உள்ளே புகும் ஈரக்காற்று அங்கே உறைந்து, உதடுகளை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கசிவுக்குக் காரணம் டெஃப்லான் இல்லை, தண்ணீர். மாட்டியதும் குளிரவைக்காமல், டாங்கின் மேற்பகுதியிலிருந்து அறை வெப்பநிலைக்குச் சூடேற்றிய நைட்ரஜன் வாயுவைச் சிறிது நேரம் ஓடவிட்டு உள்ளே உலர்த்திய பிறகு தொடங்கினால் கசிவு வரவில்லை. சுத்தம் செய்பவர் அவசரத்தில் அந்தப் படியைத் தாண்டும் நாட்களில் இன்னும் வருகிறது.

மறுபடி செய்தால்

அடாப்டருக்கு முதலிலேயே பயோனெட்டை ஆர்டர் செய்துவிட்டு, அது வரும்வரை மட்டும் ஸ்பிரிங் சீலைப் போடச் சொல்லியிருக்கலாம். அடிக்கடி திறக்கும் மூட்டில் சீலைக் குளிரில் வைப்பது, எவ்வளவு நல்ல சீலானாலும், ஒவ்வொரு முறையும் ஒருவரின் பொறுமையை நம்பி ஓட்டுவதாகிறது. எப்போதாவது திறக்கும் இடமாக இருந்திருந்தால் அதே ஸ்பிரிங் சீலுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

டெஃப்லானுக்குப் பதில் பிசிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக், கடைகளில் இன்றும் கெல்-எஃப் என்று கேட்டால் தருவது, அதைப் பற்றியும் யோசிக்கலாம். அது டெஃப்லானைப்போல ஏறத்தாழ பாதிதான் சுருங்குகிறது, அழுத்தத்தில் வழிவதும் குறைவு. வால்வின் உள் சீட்டில் ஏற்கெனவே அதுதான் இருந்தது, நன்றாகவும் இருந்தது. விலையும் கிடைக்கும் அளவும் பார்த்து ஃபிளாஞ்சுக்கு வேண்டாம் என்று விட்டோம். சிறிய வளையங்களுக்கு வேறு முடிவு எடுத்திருக்கலாம்.

பைச் சோதனையைப் பராமரிப்புப் பிரிவின் வழக்கமான வேலையாகவே எழுதிக்கொடுத்திருக்கிறோம்: சூடான நிலையில் ஒருமுறை, குளிரும்போது ஒருமுறை, முழுக்கக் குளிர்ந்தபின் ஒருமுறை. பதிவேட்டில் 'சரி' என்ற ஒரு கட்டம் இருந்த இடத்தில் இப்போது மூன்று கட்டங்கள். கொள்முதல் படிவத்தில் 'திரவத்தின் வெப்பநிலை' என்றிருந்த வரிக்குக் கீழே 'சீல் இருக்கும் இடத்தின் வெப்பநிலை' என்று இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது. பயோனெட்டுக்கான பழைய நைட்ரைல் ரிங்குகளைத் தூக்கிப்போட வேண்டாம் என்று கிடங்கில் சொல்லிவைத்தோம். ஹோஸின் புது முனைக்கு ஆர்டர் போயிருக்கிறது. டாங்கின் அடுத்த ஆய்வுக்காக லைனை நிறுத்தும்போது அதை மாட்டுவதாக ஏற்பாடு.